ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் அக்கா சொல்லிவிடுவாள். பதுளையில் மோட்டர் திருத்தும் பட்டறை ஒன்றில் பதினேழு வருடமாகக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பார்க்கிறேன். தூக்க முடியாமல் பம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், செம்புக் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பொம்பளை என்னைப் பார்த்துவிட்டு, "பாஸ் எங்கங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்பார்கள். "பாஸ் செத்துப் போயிட்டாரு, நான்தான் இருக்கேன்" என்பேன். முதலாளி உள்ளிருந்து இருமுவார்.

அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் கடைசி டிவிசன் அவளுடையது. நானும் அதே லயத்தில்தான் பிறந்தேன். எதிரெதிராக இரண்டு லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், மொத்தம் பதினெட்டுக் காம்பரா. மின்கம்பங்கள் மேல் டிவிசன் வரைக்கும் வந்து, கீழே உள்ள பள்ளத்தைப் பார்த்துப் பயந்து அங்கேயே நின்றுவிட்டன. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை" என்பார்கள். சில வீடுகளில் சின்ன சோலார் விளக்கு உண்டு. பனி மூடும் மாதங்களில் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் சும்மா தொங்கும்.

லயத்துக்கு மேலே, மலையின் இடுப்பில் ஒரு பழைய சுரங்கம். காக்காப்பொன் தோண்டிய இடம். தட்டுத் தட்டாக உரிந்து வரும், கண்ணாடி போல மின்னும், நெருப்பில் போட்டாலும் அசையாத கல். யாரோ தோண்டினார்கள், எடுத்தவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அது பாழ். தொழில் பழகப் போன முதல் வருடம் ஒரு பழைய அயன் பெட்டியைக் கழற்றியபோது, சூட்டுக் கம்பியைச் சுற்றியிருந்த மெல்லிய தகட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். எங்கள் காக்காப்பொன்! கரண்ட் கையைக் கடிக்காமல் இருக்க உலகமெல்லாம் எங்கள் மலையை உரித்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு மட்டும் அந்தக் கரண்ட் வரவில்லை. அன்று வந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கல் தீர்ந்த சுரங்கத்தில் தண்ணீர் தீரவில்லை. வாயிலிருந்து மழைக்கும் வெயிலுக்கும் ஒரே அளவில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து இரண்டு அங்குலக் குழாய் ஒன்று லயத்துத் தொட்டிக்கு வருகிறது. தொட்டி நிறைந்தால் ஒரு மிதவை எழும்பிக் குழாயை மூடிக்கொள்ளும். மீதித் தண்ணீர் எல்லாம் பாறையில் விழுந்து, லயத்தையும் தாண்டி, கீழே ஆற்றோடு போய்ச் சேரும்.

நாடு முழுவதும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்தில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டறையில் வேலை இல்லை, பதுளையில் எல்லாரும் ஒப்பாரி. நானும் என் பங்குக்குப் புலம்பினேன். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"இப்பத்தான்டி ஊரு பூரா நம்ம லயம் மாதிரி ஆயிருக்கு. ஒரு வாரத்துக்கே இந்தக் கத்து கத்துறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து மேலே போய்ச் சுரங்க வாயில் உட்கார்ந்தேன். விழுகிற தண்ணீரையும் கீழே தெரிகிற ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தேன். திரும்பி வந்து, "அந்தத் தண்ணிய குழாயில இறக்கி ஒரு சக்கரத்துல அடிச்சா, பதினெட்டு வீட்டுக்கும் லைட் எரியும்" என்றேன்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், தோட்டத்தில் மேசன் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "கரண்ட் எடுக்கிறதுக்கு முந்தி அதுக்குள்ள இருக்கிற வவ்வால எடு, பார்ப்போம்" என்றார்.

"ஒரு வருஷத்துல எரிய வைக்கல, என் பேர மாத்திக்கிறேன்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

நான் கோபத்தில் சொன்னதை அக்கா சத்தியமாக எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். "என் தங்கச்சி சொன்னா செய்வா" என்று அவள் கடைசிக் காம்பராவில் நின்று சொல்வது முதல் காம்பரா வரைக்கும் கேட்டது. வாரத்தில் ஆறு நாள் மலை ஏறி இறங்குகிற சனங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அந்த ஞாயிற்றைக் கூலி இல்லாமல் கூடி உழைக்கும் சிரமதானத்துக்குக் கேட்டாள். எல்லாரும் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது என்னை நம்பி அல்ல, அவளை நம்பி. அது எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி கேட்கப் போனோம். இப்போதைய பெரிய துரை வயதில் என்னைவிட இளையவர், நன்றாகத் தமிழ் பேசுவார். மேசையில் இருந்த கடிதத்தைக் காட்டினார். பாவனையில் இல்லாத பழைய சுரங்கங்களை எல்லாம் வேலி போட்டு மூடிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்திருந்தது.

"நீங்க செய்ங்க. நான் வேண்டாம்னு சொல்லல. பதில் எழுத எனக்குக் கொஞ்சம் தவணை இருக்கு. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். பதினெட்டு வீட்டிலும் எரிஞ்சா, பாவனையில இருக்குன்னு எழுதுறேன். எரியலன்னா மூடத்தான் கையெழுத்துப் போடணும். குடிக்கிற தண்ணிக் குழாய மட்டும் விட்டுடலாம்" என்றார்.

நேர்மையான பேச்சு. எனக்குக் கோபப்படக்கூட இடம் கிடைக்கவில்லை.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குழாய்கள் லொறியில் வந்து ரோட்டில் கிடந்தன. ஒவ்வொன்றும் இருபது அடி நீளம். எப்படித் தூக்குவது, எத்தனை பேர், எந்த வளைவில் எப்படித் திருப்புவது என்று நான் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு பாதி மலை இறங்கிவிட்டார்கள். கொழுந்துச் சாக்கோடு தினமும் ஏறி இறங்குகிற பாதை அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். "வைண்டிங் பாஸ், ஓரமா நில்லுங்க, விழுந்துறாதீங்க!" என்று கேலி வேறு. பிறகு நான் படமே போடவில்லை.

மச்சான் சுரங்க வாயில் கல் கட்டி ஒரு தொட்டி அமைத்தார்; லயத்துக் குழாயும் எங்கள் குழாயும் அதிலிருந்துதான் புறப்படும். வவ்வால்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் கட்டியிருப்பதாக என்னிடம் விசேஷமாகச் சொன்னார். கீழே ஆற்றோரம் தகரக் கூரை போட்டு ஒரு சின்ன அறை. அதற்கு மெஷின் வீடு என்று தானாகவே பெயர் விழுந்துவிட்டது. பழைய மோட்டர் ஒன்றை நானே பட்டறையில் சுற்றி, கரண்ட் கொடுக்கிற மாதிரி மாற்றிக் கொண்டுவந்தேன். அங்கிருந்து கம்பி இழுத்து, பதினெட்டு வீட்டுக்கும் பல்பும் சுவிட்சும் மாட்டினேன். மத்தியானம் எல்லாரும் மண்ணில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடுவோம். அங்குள்ள மண்ணில் காக்காப்பொன் தூள் கலந்திருக்கும். வெயில் பட்டால் எல்லார் கையும் முகமும் மினுமினுக்கும். அக்காவின் மூக்குத்தியைவிட அவள் மூக்கு அதிகமாக மின்னியது. அவளிடம் சொன்னேன், சம்பலை என் மேல் எறிந்தாள்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று அளந்துதான் சக்கரத்தின் அளவை முடிவுசெய்ய வேண்டும். ஞாயிறுகளில் சிரமதானம் இருப்பதால், அளப்பதற்கென்று பட்டறையில் வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொள்வேன். காலை பஸ்ஸில் புறப்பட்டு நான் போய்ச் சேரும்போது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து, எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள். லயம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு நாயும் இரண்டு கோழியும் என்னைப் பார்க்கும். பாறையில் விழும் தண்ணீருக்குக் கீழே பீப்பாயை வைத்து, கைப்பேசியில் நேரம் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதிக்கொள்வேன். ஒரு தடவை அல்ல, நான்கு வியாழக்கிழமை அளந்தேன். மழைக்காலத்தில் ஒன்று, கடும் வெயிலில் ஒன்று. கணக்கு அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தது. என்னைப் போல யார் இவ்வளவு ஒழுங்காகச் செய்வார்கள் என்று எனக்கே ஒரு பெருமை.

மெஷினைப் பரீட்சித்துப் பார்த்ததும் ஒரு வியாழக்கிழமைதான். மெஷின் வீட்டுச் சுவரில் வரிசையாகப் பல்புகளை மாட்டி, வால்வைத் திறந்தேன். உறுமிக்கொண்டு சுற்றியது. அத்தனை பல்பும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. பார்க்க ஆள் இல்லை. தனியாக ஆடினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

துரை வருவதாகச் சொன்ன ஞாயிறு வந்தது. நான்கு மணிக்கு வருவார். நான் முதல் நாளே போய்விட்டேன். காலையிலிருந்து மெஷின் வீட்டிலேயே கிடந்து எண்ணெய் போட்டேன், துடைத்தேன், முடுக்கியதையே மறுபடி முடுக்கினேன். மேலே லயத்தில் ஒரே ஆரவாரம் கேட்டது. நல்ல காரியம், சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டரை மணிக்கு, ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று வால்வைத் திறந்தேன். மெஷின் சுற்றியது. கொஞ்ச நேரம்தான். பிறகு இருமத் தொடங்கியது. சுவரில் இருந்த பல்புகள் மஞ்சளாகி, சிவப்பாகி, வெறும் கம்பியாகத் தெரிந்தன. மூடினேன், திறந்தேன், அதே கதை. தண்ணீர் பீய்ச்சும் மூக்கைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மச்சானைக் காணோம், அவர் கட்டிய தொட்டிதான் வெடித்திருக்கும் என்று அவரையும் அவர் பிடித்த சீமெந்தையும் திட்டிக்கொண்டே மலை ஏறினேன்.

தொட்டியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் தண்ணீர் பாதிக்கும் கீழே கிடந்தது. எங்கள் குழாய் வாய், தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதுதான் இருமல். சுரங்கத்திலிருந்து தண்ணீர் எப்போதும் போலத்தான் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் மீதி எங்கே போகிறது? லயத்துக்குப் போகும் இரண்டு அங்குலக் குழாயில் கையை வைத்தேன். கை அதிர்ந்தது. தண்ணீர் உள்ளே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

லயத்துச் சாக்கடைக் கானில் நுரை பொங்கி ஓடியது. துரை வருகிறார், கரண்ட் வருகிறது என்று பதினெட்டு வீட்டாரும் விடியற்காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாசலைக் கழுவி, சுவரைக் கழுவி, கோயிலைக் கழுவி, கம்பளி முதல் காலுறை வரை துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. இப்போது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறார்கள். தண்ணீர்ப் பீலி எல்லாம் திறந்திருந்தது. லயத்துத் தொட்டி நிறையவே இல்லை, மிதவை எழும்பவே இல்லை. மச்சான் ஒரு பக்கக் கன்னத்தைச் சவரம் செய்துவிட்டு மறு பக்கத்தில் நுரையோடு நின்றார். அக்கா தலை நிறையச் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு பீலியடியில் நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"தண்ணி பத்தலக்கா. மெஷின் ஓடாது."

"நாலு தடவ அளந்தியே!"

"வியாழக்கிழமை அளந்தேன்."

கான் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை லயத்தில் ஆள் இல்லை, அதனால் தண்ணீர் இருந்தது. அன்று சனம் கொழுந்தோடு இருக்கும், தண்ணீரோடு இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் இந்தப் பிழையைச் செய்திருந்தால் நானே முதல் ஆளாக வாயில் வந்தபடி பேசியிருப்பேன். நான் இதே பீலியில் ஞாயிறு தவறாமல் குளித்து வளர்ந்தவள். சிரமதான நாட்களில் எல்லாரும் வேலையில் நின்றதால் அதுவும் கண்ணில் படவில்லை. திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லாமல் போனது. ஒன்றரை மணி நேரத்தில் துரை வந்துவிடுவார். சுரங்கம் மூடப்படும். அக்கா இனி பெரட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பாள்?

அக்கா நெற்றியில் வழிந்த சீயக்காயைப் புறங்கையால் வழித்தாள்.

"இப்ப இதையெல்லாம் மூடிட்டா எரியுமா?"

"எரியும். ஆனா எல்லாரும் இந்தக் கோலத்துல..."

"மெஷினச் சுத்திட்டு அந்தத் தண்ணி எங்க போவுது?"

"ஆத்துக்கு."

"அழுக்காவா போவுது?"

"அழுக்கு எப்படிக்கா ஆகும்? சக்கரத்துல அடிச்சிட்டு அப்படியே விழுது."

"அப்ப ஆத்துக்குக் குடுக்கிறத எங்க தலைக்குக் குடேன்டி" என்றாள். அடுத்த நிமிடம் அவள் குரல் இரண்டு லயத்துக்கும் கேட்டது. "எல்லாப் பீலியவும் மூடுங்க! குளிக்கிறவங்க எல்லாம் மெஷின் வீட்டுக்கு எறங்குங்க!"

அப்படி ஒரு ஊர்வலத்தை எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை. மார்பில் குறுக்குக் கட்டிய பெண்கள், தலையில் சீயக்காய், கையில் வாளி. பின்னால் மச்சான் தலைமையில் அரைகுறைச் சவரத்தோடு ஆண்கள். மெஷின் ஓடினால்தான் அங்கே தண்ணீர் வரும். மேல் தொட்டி நிறையும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீயக்காய் காயத் தொடங்கியது. "ஏய், தொறடி சீக்கிரம், கண்ணெரியுது!" என்று நாலா பக்கமும் ஏச்சு. மச்சான், "வவ்வால்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே ஓடியவள் ஒருத்தி தொட்டி நிறைந்துவிட்டதென்று குரல் கொடுத்தாள். வால்வைத் திறந்தேன்.

மெஷின் உறுமியது. இருமவில்லை. சுவர் பல்புகள் வெள்ளையாகின. மறு பக்கத்தில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்ட, பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அதற்குள் பாய்ந்தார்கள். லயத்துப் பீலியில் ஒரு விரல் தடிப்புக்கு வரும் தண்ணீரில் ஒருத்தி குளித்து முடிய அடுத்தவள் என்று நின்றவர்கள். இங்கே எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நனைந்தார்கள். ஆண்கள் மெஷின் வீட்டுக்குப் பின்னால் முறைக்குக் காத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை.

துரை சொன்ன நேரத்துக்கு வந்தார். வரவேற்க நின்ற பெண்கள் எல்லாருடைய தலையிலும் தண்ணீர் சொட்டியது. லயத்துக் காம்பராவுக்குள் பகலிலும் இருட்டுத்தான், அதனால் எரிகிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அக்கா முன்னால் போனாள். துரை ஒவ்வொரு வாசலாகக் குனிந்து நுழைந்து பார்த்து, பதினெட்டையும் பார்த்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லா நாளும் இப்படி எரியுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்லி எரிய வைக்கிற விளக்கு எத்தனை நாளுக்கு? நடந்ததைச் சொல்லிவிட்டேன், என் வியாழக்கிழமைகள் உட்பட. "மெஷினுக்கு நான் பொறுப்பு. ஆனா இங்க மேல குளிக்க, துவைக்கத் தண்ணி எடுத்தா எரியாது. தண்ணி என் கையில இல்லைங்க தொர" என்றேன்.

"அப்ப யார் பொறுப்பு?"

"நாங்கதாங்க" என்றாள் அக்கா. "குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மேல. குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம் இனிமே கீழ."

"துவைச்ச துணியத் தூக்கிட்டு மறுபடி இவ்வளவு தூரம் ஏறணுமே?"

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "கொழுந்துச் சாக்கு ஏறுதுங்களே, துணி ஏறாதா?" என்றாள் ஒருத்தி. அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் நீட்டினார். அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். "மேற்படி சுரங்கம் பாவனையில் உள்ளது." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாம் தடவை அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜீப் போனதும் அக்கா என்னைத் தன் காம்பராவுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். துரைக்காக நான் போட்டுவிட்ட பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அத அணை. நான் போடணும்."

அணைத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டினாள். எரிந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். போடுவதும் அணைப்பதுமாக நின்றாள். பக்கத்துக் காம்பராவிலும் சுவிட்ச் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்ததிலும். வெளியே வந்து பார்த்தால் இரண்டு லயத்திலும் பதினெட்டு வாசலும் எரிந்து எரிந்து அணைகின்றன. கீழே மெஷின் பாரம் தெரியாமல் கூடியும் குறைந்தும் கத்தியது.

"போதும், நிறுத்துங்க! எல்லாரும் ஒரே நேரத்துல அணைச்சா மெஷின் போயிரும்!" என்று நடு வாசலில் நின்று என் தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவு கோபமாகத்தான் கத்தினேன், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒருவரும் நிறுத்தவில்லை.